பதினோரு பொட்டலங்கள்

நீங்கள் வரவழைத்துக் கொடுத்த தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். குறையாகச் சொல்லவில்லை. யாரோ கண்ணளவில் அள்ளிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் கண்ணளவு என்பது எனக்கு ஆகவே ஆகாத விஷயம். இருபத்தாறு வருஷமாக அதோடு மல்லுக்கட்டித்தான் என் பிழைப்பு ஓடியது.

நான் சொல்லச் சொல்ல உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் தட்டச்சு செய்வார் என்றீர்கள், மேடம். நான்தான் காகிதம் கேட்டு வாங்கினேன். என் கையெழுத்தில் இருந்தால் பிற்பாடு ஒரு சொல்லைக் கூட்டினார்கள், குறைத்தார்கள் என்ற பேச்சு வராது. காலையில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள், நான் பதில் சொல்லவில்லை. அதைத் தட்டிக்கழித்ததாக நினைக்க வேண்டாம். கடைசியில் எழுதுகிறேன். எதையும் அதனதன் வரிசையில் செய்துதான் எனக்குப் பழக்கம்.

என் வேலை தராசுகளைச் சோதிப்பது. மருந்துக்கடை, ஆய்வுக்கூடம், நகைப்பட்டறை என்று எங்கெல்லாம் துளித்துளியாக நிறுக்கிறார்களோ அங்கெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை போய், தராசு உண்மை சொல்கிறதா என்று பார்த்து, சரியாக இருந்தால் முத்திரை ஒட்டிவிட்டு வருவேன். இரண்டு சோதனை உண்டு. முதலில் வெறும் தட்டு. ஒன்றும் வைக்காதபோது பூஜ்யம் காட்ட வேண்டும். அடுத்தது சுமை. அலுவலகம் கொடுத்திருக்கும் எடைக்கற்களை இடுக்கியால் எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்து, கல்லில் பொறித்திருப்பதையே தராசும் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் நான் வழக்கமாக ஒன்று சொல்வேன். சும்மா இருக்கும்போது எல்லாத் தராசும் யோக்கியன்தான், சுமை ஏறட்டும், அப்புறம் பேசு. கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மறக்கவும் செய்வார்கள்.

நான் சோதிக்காமல் எதையும் நம்புகிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எனக்கு ஒரே தங்கை. அம்மா போனபோது அவளுக்குப் பதினொரு வயது, எனக்கு இருபத்து மூன்று. அவளை வாலு என்றுதான் கூப்பிடுவேன். பெயருக்கேற்ற வால்தனம் முப்பது வயதிலும் குறையவில்லை. பாத்திரத்தை உடைப்பாள், உடைந்ததை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிடுவாள், நான் கண்டுபிடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். எனக்கென்று ஒரு குடும்பம் அமையவில்லை. அதற்காக வருந்தியதும் இல்லை. அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

அவளாகவேதான் மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரன். முன்பெல்லாம் அவர் என்றுதான் சொல்வேன், இப்போது கை அப்படி எழுத மறுக்கிறது. முதல் நாள் வீட்டுக்கு வந்தபோதே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. தணிந்த குரல். எதைச் சொன்னாலும் ஒரு தலையாட்டல். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன் போல ஒரு பார்வை. மருந்துச் சீட்டில் எழுத்தை அவன் அவ்வளவு நிதானமாக எழுதுவதைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு முட்டும். இப்படிப்பட்டவர்கள் உள்ளே எதையோ மறைப்பவர்கள். இவனால் என் தங்கைக்கு ஒரு நாள் கேடு வரும் என்று அன்றே தெரிந்துவிட்டது.

ஆதாரம் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். ஆதாரம் பிறகு வரும். முதலில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தால்தானே எதைச் சோதிப்பது என்று தெரியும்? நூறு கிராம் கல்லை வைக்கும்போது தராசு நூறு காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்துத்தான் வைக்கிறோம். அதுபோலத்தான் இதுவும்.

கல்யாணப் பரிசாக அவன் கடைக்கு ஒரு மின்னணுத் தராசு வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடிக் கூண்டு போட்டது, மூச்சுக்காற்றுக்குக்கூட அசைந்து கொடுக்கும். அவன் கையில் எதுவும் சரியாக இல்லாவிட்டாலும் எடையாவது சரியாக இருக்கட்டும் என்பது என் எண்ணம். "மச்சான், இவ்வளவு நல்ல தராசை என் கடை தாங்காது" என்று சிரித்தான். வருஷா வருஷம் நானே போய்ச் சோதித்து முத்திரை ஒட்டி வந்தேன். ஆறு வருஷம்.

ஆறாவது வருஷம் அவளுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடத் தொடங்கியது. மருத்துவர் ஒரு மருந்து எழுதினார். மிகச் சின்ன அளவு, அந்த அளவில் மாத்திரை கிடையாது. ஆகவே பொடியாக நிறுத்துப் பொட்டலம் கட்ட வேண்டும். நாளுக்கு ஒன்று. வெளியே எங்கும் போக வேண்டாம், நானே கட்டித் தருகிறேன் என்று அவன் சொன்னான். முப்பது பொட்டலம் கட்டி ஒரு தகர டப்பாவில் போட்டு, மூடிமேல் அந்த நிதானமான எழுத்தில் எழுதிக் கொடுத்தான்.

பதினெட்டு நாள் சாப்பிட்டாள். பத்தாவது நாளில் இருந்தே தலை சுற்றுகிறது என்றாள், படியேறினால் கால் துவள்கிறது என்றாள். நோய்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். பத்தொன்பதாம் நாள் காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடித்த துணிமேலேயே சாய்ந்துவிட்டாள். நான் போனபோது பக்கத்தில் பாதி மடித்த தலையணை உறை ஒன்று கிடந்தது. இதயம் ஏற்கெனவே பலவீனம், இப்படி ஆவதுண்டு என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

நான் தகர டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு பொட்டலம் மிச்சம். மறுநாள் அலுவலகத்தில் ஒன்றைப் பிரித்து நிறுத்துப் பார்த்தேன். நூறு மில்லிகிராம் இருக்க வேண்டியது நூற்று நாற்பத்தேழு இருந்தது.

அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவித நிம்மதி வந்தது. ஆறு வருஷமாக எதிர்பார்த்த எண் அது. அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், அவள் பட்டதை அவனும் பட வேண்டும் என்று. அவளுக்கு இருந்ததுபோலவே இருக்க வேண்டும், கால் துவள்வது உட்பட.

ஆனாலும் நான் நியாயமாகவே நடந்தேன். எடை கூடியதற்கு மூன்று காரணம் இருக்கலாம் என்று தாளில் எழுதினேன். மருத்துவர் எழுதிய அளவு தவறா? சீட்டைப் பார்த்தேன், நூறுதான். தராசு தவறா? அதில் என் முத்திரை இருக்கிறது. மிச்சம் இருப்பது கை. கழித்தல் கணக்கு, சின்னக் குழந்தைக்கும் புரியும்.

அதோடும் விடவில்லை. அவனையும் சோதித்தேன். தகனத்தன்று எல்லோர் முன்னாலும் அவன் தோளைப் பிடித்து, "எப்படி ஆச்சு மாப்பிள்ளை, சொல்லுங்க" என்று கேட்டேன். அவன் வாய்விட்டு அழுதான். நிரபராதி அப்படி அழ மாட்டான், அவனுக்குத் திகைப்புதான் வரும் என்று குறித்துக்கொண்டேன். பத்து நாள் கழித்து அதையே கேட்டேன். இந்த முறை அழவில்லை, வெறித்துப் பார்த்தான். பத்தே நாளில் கண் வற்றிவிட்டது என்று குறித்துக்கொண்டேன். அவளுடைய சீப்பைக் கடை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அது அங்கே இல்லை. அவள் நினைப்பே கண்ணில் படக் கூடாது என்று பார்க்கிறான். பிறகு ஒரு நாள் அவன் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீப்பு எட்டிப் பார்த்தது. ஊருக்குக் காட்ட வைத்திருக்கிறான். எல்லாம் என் குறிப்பேட்டில் தேதியோடு இருக்கிறது, அதை நீங்கள் கைப்பற்றிவிட்டீர்கள். எத்தனை சோதனை, ஒன்றுகூட மாறி வரவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போனபோது மேசைமேல் என் தராசைக் காணவில்லை. அந்த இடத்தில் ஏதோ பழைய தராசு உட்கார்ந்திருந்தது.

"நம்ம தராசு எங்க மாப்பிள்ளை?"

"ரிப்பேருக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன் மச்சான்." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன கோளாறு? நான் பாக்கறேனே."

"வேணாம் மச்சான். ஒண்ணும் பெருசா இல்ல. நீங்க சிரமப்படாதீங்க."

தராசுக்குக் கோளாறு என்றால் இந்த ஊரில் என்னைத் தவிர வேறு யாரிடம் போவது? என் கையில் கொடுக்கப் பயப்படுகிறான் என்றால் என்ன அர்த்தம்? அன்றே முடிவாகிவிட்டது. இருந்தாலும் கடைசியாக ஒரு சோதனை வைத்தேன். இது உங்களுக்குப் புரிவது முக்கியம். நான் அவனைப் போய்க் குத்தவில்லை, தள்ளிவிடவில்லை. சோதனைதான் வைத்தேன்.

அந்தப் பொடி நல்ல கசப்பு. மருந்தோடே புழங்குகிறவனுக்கு அந்தக் கசப்பு நாக்கில் பட்டதுமே தெரியும். மிச்சமிருந்த பதினோரு பொட்டலத்தையும் தேநீரில் கலந்து அவனிடம் கொடுப்பது. பயந்து கோப்பையைக் கீழே வைத்தால், தான் செய்தது என்ன என்று அவனுக்குத் தெரியும் என்று அர்த்தம், ஆகவே குற்றவாளி. இதைக் குறிப்பேட்டில் எழுதினேன். தயங்காமல் குடித்தால் என்ன அர்த்தம் என்பதற்கு அடுத்த வரியை விட்டுவைத்தேன். அந்த இரண்டாவது வரி ஏன் வேறு மையில் இருக்கிறது என்று கேட்டீர்கள். அது பிறகு எழுதியது, அதனால்தான்.

ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கலாமே என்றும் கேட்டீர்கள். ஆய்வுக்கூடம் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும். மனிதனுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது.

போன செவ்வாய்க்கிழமை மதியம், அவன் கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடும் நேரத்தில் போனேன். பின்னறையில் ஓர் அடுப்பும் இரண்டு நாற்காலியும் உண்டு. இன்றைக்கு நான் தேநீர் போடுகிறேன் என்றேன். அவனுக்கு நம்பவே முடியவில்லை. இந்த ஆறு வருஷத்தில் நான் அவனுக்கு ஒரு தம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்ததில்லை. முகம் மலர்ந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் பொடியைக் கலந்து நாலு கரண்டி சர்க்கரையும் போட்டேன். அதை மட்டும் கண்ணளவில் போட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவனாகவே பேச்சை எடுத்தான்.

"மச்சான், ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். தப்பு என் கையாலதான் நடந்துச்சு. கட்டினது நான்தானே. ஒரு தடவை சரிபாத்திருக்கணும், பாக்கல."

"அப்படின்னா ஒத்துக்கறீங்க."

"ஒத்துக்கறேன். என்ன வேணா திட்டுங்க. ஆனா நீங்க எதையும் யோசிச்சு மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என்மேல் தப்பு என்று யார் சொன்னார்கள்? கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்? என் தங்கையைக் கொன்றுவிட்டு, எனக்கே பெரிய மனதோடு மன்னிப்பு வழங்குகிறானாம்.

"டீ ஆறுது, குடிங்க" என்றேன்.

ஒரு வாய் குடித்தான். முகம் சுளித்தது. கோப்பைக்குள் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"கசக்குதே மச்சான்."

"சர்க்கரை போடட்டுமா?"

"வேணாம். முதமுதலா உங்க கையால போட்டுத் தந்திருக்கீங்க." அடிவரைக்கும் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவியும் வைத்தான்.

தெரியாமல் குடித்தானா, தெரிந்தே குடித்தானா என்று அப்போது சொல்ல முடியவில்லை. கால் மணி நேரம் யோசித்தேன். பிறகு விளங்கியது. கசக்கிறது என்று தெரிந்தும் ஒருவன் மிச்சம் வைக்காமல் குடிக்கிறான் என்றால், அவன் மனது தண்டனைக்குத் தயாராக இருக்கிறது என்றுதானே பொருள்? குற்றம் செய்யாதவனுக்குத் தண்டனை எதற்கு? குறிப்பேட்டை எடுத்து இரண்டாவது வரியை எழுதினேன். தயங்காமல் குடித்தால், குற்றவாளி.

அவனுக்கு வியர்க்கத் தொடங்கியபோது அவனுடைய கைபேசியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கேட்டான். கொடுக்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தான், கால் துவண்டு திரும்ப உட்கார்ந்தான். அவளுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று கேட்டேன். ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை ஆறு வருஷமாக வெறுத்தேன், அன்றைக்கு மட்டும் எனக்கு அது இனித்தது. எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று ஐம்பதிலிருந்து மூன்று பத்து வரை. நடுவில் இருமுறை வாந்தி எடுத்தான், நான் தரையைத் துடைத்தேன். கடைசியாக அவன் சொன்னது, "அந்த அலமாரியைத் திறக்காதீங்க மச்சான்" என்பதுதான். மூச்சு நின்றதும் எழுந்து அலமாரிப் பக்கம் போனேன்.

திறந்தேன். என் தராசு அங்கே இருந்தது, என் தங்கையின் போர்வையில் சுற்றி. மேலே ஒரு சீட்டு. அவனுடைய அதே நிதானமான எழுத்து. பழுது பார்ப்பவர் கவனத்துக்கு: வெறும் தட்டில் பூஜ்யம் சரியாக நிற்கிறது. நூறு மில்லிகிராம் வைத்தால் அறுபத்தெட்டு காட்டுகிறது. கீழே விழுந்திருக்க வேண்டும். முத்திரை போட்ட அலுவலகத்துக்குத் தயவுசெய்து தெரிவிக்க வேண்டாம், என் மச்சான் அங்கே வேலை செய்கிறார், அவர் தாங்க மாட்டார்.

இந்தச் சீட்டைத்தான் நீங்கள் என் முன்னால் வைத்து, ஏதோ எனக்குத் தெரியாத பெரிய விஷயம்போலப் பார்த்தீர்கள். மேடம், இதெல்லாம் சப்பைக்கட்டு. தராசை அவனே பிறகு கீழே போட்டிருப்பான். நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு சீட்டும் எழுதி வைத்திருப்பான். தணிந்த குரல்காரர்கள் அப்படித்தான், எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருப்பார்கள்.

இனி உங்கள் கேள்வி. அந்தத் தராசின்மேல் கடைசியாக எப்போது எடைக்கல் வைத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டீர்கள்.

அவன் பொட்டலம் கட்டியதற்கு நாலு நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாலு எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, கடையைத் துடைக்கிறப்ப உன் தராசு கைதவறி விழுந்துடுச்சு. அவர்கிட்ட சொல்லல. ஒரு நடை வந்து பாத்துட்டுப் போயேன்" என்றாள். சின்ன வயதில் பாத்திரத்தை உடைத்துவிட்டுப் பேசும் அதே குரல். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவன் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். விடுமுறை நாள், எடைக்கல் பெட்டி அலுவலகத்தில் பூட்டிக் கிடந்தது. தராசை நிமிர்த்தி வைத்து, தட்டைத் துடைத்து, மின்சாரத்தைப் போட்டேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். எண்கள் ஓடி, பூஜ்யத்தில் வந்து நின்றன. இம்மிகூட அசையவில்லை.

"ஒண்ணும் ஆகல, போ" என்று சொல்லிப் புது முத்திரையை ஒட்டினேன். "அண்ணான்னா அண்ணாதான்" என்று என் தோளில் ஒரு அடி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். தேநீரில் பதினோரு பொட்டலத்தையும் கலந்தது நான்தான், கைபேசியை எடுத்துக்கொண்டதும் நான்தான், அவன் சாகும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான்தான். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. எடைக்கல் அன்றைக்கு வைக்கவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை, ஏனென்றால் அது நான் வாங்கிக் கொடுத்த தராசு.